முகம் ஒரு கலர், கை ஒரு கலர்! 'நேச்சுரல்' கல்யாண மேக்கப் கேட்டும் ஏன் கிடைப்பதில்லை?

என் சித்தி மகள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஆறு நாள் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே கோட்டு. லைனுக்குள் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. லீவு நாளில் அதிகபட்சம் ஒரு பொட்டு, கொஞ்சம் கண்மை, அவ்வளவுதான் அவள் மேக்கப்.

கல்யாணத்துக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்டை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்து, அட்வான்ஸும் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, மேக்கப் போட்ட மாதிரியே தெரியக் கூடாது. நேச்சுரலா வேணும்."

காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தூக்கக் கலக்கம். சுற்றிலும் ஆறேழு பேர். "பொண்ணு கொஞ்சம் மாநிறம், நல்லா ப்ரைட்டா போட்டு விடும்மா" என்றார் ஒரு பெரியம்மா. ஆர்ட்டிஸ்ட் இரண்டு ஷேடு ஏற்றினார். மணப்பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை.

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர், கை இன்னொரு கலர். லைனில் கூட வேலை பார்க்கும் பொண்ணுங்க போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏய், இது நீயாடி?" என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் அந்தப் படத்தை வீட்டில் இன்னும் மாட்டவில்லை.

இது சின்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நேச்சுரல் லுக்' கேட்கும் பெண்ணுக்கு அது கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆர்ட்டிஸ்டின் கைத்திறமை இல்லை. அவள் நிறத்தை மாற்ற வேண்டும் என்று அவளைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவு செய்துவிடுவதுதான். இந்த முடிவை மணப்பெண்ணின் கைக்குக் கொண்டுவருவது எப்படி? பார்ப்போம்.

ஏன் இந்த ஏரியாவைப் பற்றிப் பேசணும்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் இந்தத் தொழிற்பேட்டைகள் நம் மாநிலத்துப் பெண்களின் வாழ்க்கையை நிறையவே மாற்றியிருக்கின்றன. 2006-ல் நோக்கியா ஆலை இங்கே திறந்தபோது, கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக லைன் வேலைக்கு வந்தார்கள். 2014-ல் அது மூடப்பட்டது. பிறகு வேறு நிறுவனங்கள் பெரிதாக வளர்ந்தன. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தங்கும் விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

இங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். தங்கள் கல்யாணத்துக்குத் தாங்களே சீட்டு கட்டிச் சேர்ப்பவர்கள் இவர்களில் நிறையப் பேர். நகை, புடவை, மண்டபம் என்று வரும்போது வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். மேக்கப் மட்டும்தான் பொண்ணு தானே தேர்ந்தெடுத்து, தானே பணம் கட்டும் விஷயம். அதிலும் அவள் பேச்சு எடுபடவில்லை என்றால் எப்படி?

இவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தினமும் மேக்கப் போடுபவருக்குத் தன் ஷேடு என்ன, எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட ஃபவுண்டேஷன் தொடாதவருக்கு அந்தப் பாஷையே புதுசு. "ஹெச்.டி.யா, ஏர்பிரஷ்ஷா?" என்று கேட்டால் விலையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'நேச்சுரல்' கேட்டா ஏன் வெள்ளை வருது?

முதல் காரணம் பழக்கம். கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷர்லி கார்டு' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். கறுப்பும் மாநிறமும் அந்தக் கணக்கில் பல வருஷம் வரவே இல்லை. கூடவே நம்ம ஊர் கல்யாண வீடியோ லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'போட்டோல நல்லா விழணும்னா வெளுப்பா இருக்கணும்' என்ற நம்பிக்கை இப்படியும் ஊறிப்போனது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போனின் கேமராவே மாநிறத்தை அழகாக எடுக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

இரண்டாவது காரணம் பெட்டியில் இருக்கும் ஷேடுகள். 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்ட்டி பியூட்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு வந்தபோது உலகமே அதைப் பேசியது. அதுவரை அடர்நிறப் பெண்களுக்கு இருந்த தேர்வு அவ்வளவு குறைவு. அதன்பிறகு இந்தியக் கடைகளிலும் நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் ஒரு சின்ன ஊர் பார்லர் நாலைந்து பாட்டிலை வைத்துக்கொண்டு ஊருக்கே மேக்கப் போட்டால், உங்கள் நிறம் அதில் இல்லாமலே போகலாம்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: சிவப்பு என்றால் அழகு என்ற எண்ணம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. அந்தப் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வர 2020 வரை ஆனது. இதை எதிர்த்த குரல்களில் ஒன்று நம்ம சென்னையிலிருந்து கிளம்பியது. 2009-ல் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை ஆரம்பித்தது. பின்னாளில் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 'பிரேமம்' படத்தில் பருக்களோடு, பெரிய மேக்கப் இல்லாமல் வந்த சாய் பல்லவியை ஊரே கொண்டாடியது. ஒரு சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்ததாகவும் அவர் 2019-ல் சொன்னார். திரையில் கொண்டாடுகிறோம், மணமேடை என்று வந்தால் மட்டும் "ரெண்டு ஷேடு ஏத்துங்க" என்கிறோம்.

அப்போ 'நேச்சுரல்'னா என்ன?

மேக்கப்பே இல்லை என்பதல்ல. உங்கள் நிறம், உங்கள் முக அமைப்பு, உங்கள் மச்சம் எல்லாம் அப்படியே தெரிய வேண்டும். தூக்கமில்லாத களைப்பும் புதிதாக வந்த பருவும் மட்டும் மறைய வேண்டும். நடைமுறையில் அது இப்படி:

நிறம்: ஷேடைக் கையின் மேல்பக்கத்தில் பார்க்கக் கூடாது. தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டி, மூன்று ஷேடைக் கோடு மாதிரி போட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. நலங்கில் மஞ்சள் பூசிய பிறகு இதைச் செய்யாதீர்கள், ஏமாற்றிவிடும். முகத்தைவிடக் கழுத்து கொஞ்சம் அடர்ந்திருப்பது பலருக்கும் சகஜம். அப்படி இருந்தால் கழுத்தின் நிறத்துக்குப் பக்கமாகப் போவதே நல்லது. முகத்தை வெளுப்பாக்கினால் கழுத்து, காது, கை எல்லாவற்றுக்கும் பூச வேண்டி வரும். அது பட்டுப் புடவையிலும் ரவிக்கைக் கழுத்திலும் ஒட்டும். ஆசையாகக் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவைக்கு இது தேவையா?

கண்ணுக்குக் கீழ்: நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குக் கருவளையம்தான் முதல் கவலை. வெளிர் கன்சீலரை நேராகப் போட்டால் சாம்பல் அடித்த மாதிரி ஆகிவிடும். நம் நிறத்துக்கு முதலில் ஆரஞ்சு அல்லது பீச் கலர் கரெக்டர் லேசாக, அதன்மேல் உங்கள் ஷேடு கன்சீலர். ஆரஞ்சு அந்த நீலக் கருமையை அடக்கிவிடும். முழுசாக மறைக்காமல் பாதி குறைத்தாலே போதும்.

ஃபவுண்டேஷன்: முகம் முழுக்க ஒரே கனத்தில் பூச வேண்டாம். மூக்கு ஓரம், தாடை, தழும்பு என்று தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சு. பத்தாவிட்டால் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே அடியாகக் கனமாகப் போட்டால் வியர்வையில் திட்டுத் திட்டாகப் பிரியும்.

கன்னம், உதடு: மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பேபி பிங்க் எடுபடாது. செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், பவழ நிறம் பார்க்கலாம். லிப்ஸ்டிக் உங்கள் உதட்டு நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக இருந்தால் போதும்.

கண், புருவம்: தினமும் கண்மை வைப்பவர் என்றால் அதை எடுத்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் நீங்களே மாதிரி இருக்காது. வாட்டர்ப்ரூஃப் போடச் சொல்லுங்கள். ஹோமப் புகையும் அழுகையும் உண்டல்லவா! பழக்கமில்லாதவருக்குக் கனமான ஒட்டு இமை மணமேடையில் பெரிய தொல்லை. புருவத்தைக் கன்னங்கரேல் என்று வரையாமல், இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும்.

ஃப்ளாஷ் அடிச்சா முகம் ஏன் வெளுக்குது?

கண்ணாடியில் சரியாக இருந்த முகம் போட்டோவில் மாவு பூசியது போல வரும். காரணம், ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பொருட்கள். சில சன்ஸ்க்ரீன்களிலும் அவை கலந்த ஃபவுண்டேஷன்களிலும் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும், சில வெள்ளைப் பவுடர்களில் இருக்கும் சிலிக்காவும் இப்படிச் செய்யும். நம்ம ஊரில் ரிசெப்ஷன் முதல்நாள் இரவு, முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை. இரண்டிலும் ஃப்ளாஷ் தப்பாது.

இதற்குச் சோதனை ரொம்ப ஈஸி. மேக்கப் முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டு, உங்கள் போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யச் சொல்லலாம். பவுடரும் வெள்ளையாக இல்லாமல் உங்கள் நிறத்துக்குப் பக்கமான மஞ்சள் சாயலில் இருக்கட்டும். மேடையில் வியர்த்தால் மறுபடி பவுடர் அப்பாமல், டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

ட்ரையலை எப்படிப் பயன்படுத்துவது?

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது, வாராந்திர லீவு நாளில், ஒரு ட்ரையல் பாருங்கள். போட்டு முடித்ததும் கழுவிவிடாதீர்கள். ஐந்தாறு மணி நேரம் அதோடு வெளியே போய் வாருங்கள், பஸ்ஸில் போங்கள், சாப்பிடுங்கள், வியர்க்கட்டும். பிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு படம், ஃப்ளாஷில் ஒரு படம், ஒரு வீடியோ. ஃபில்டர் கூடாது. பிடித்திருந்தால் ஃபவுண்டேஷனின் பெயரையும் ஷேடு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரையலுக்குத் தனிக் காசு, அதற்கு வழியில்லை என்றால்? உங்கள் நிறத்தில் இருக்கும் மணப்பெண்களுக்கு அவர் போட்ட மேக்கப்பை, எடிட் செய்யாத வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் ஒரு மாநிறப் பெண்கூட இல்லையென்றால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

கடைசி நேரத்தில் செய்யக் கூடாதது

கல்யாண நாள் குறித்ததும் "இந்த க்ரீம் போடு, ஒரே மாசத்துல கலர் வரும்" என்று ஒருத்தர் வருவார். தயவுசெய்து வேண்டாம். கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்கள். வில்லன், அந்த க்ரீம்களில் இருந்த பாதரசம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் இல்லாத டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். மெடிக்கலில் தோழி சொன்னாள் என்று வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமும் அப்படித்தான். முதலில் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலியும், பரு வெடிக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்.

புதிதாக ஃபேஷியல், ப்ளீச் எதையும் கடைசி வாரத்தில் முயற்சி செய்யாதீர்கள். த்ரெட்டிங் இரண்டு மூன்று நாள் முன்பே முடியட்டும். புதுப் பொருள் எதுவானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சீக்கிரம் சிவக்கும் என்று சொல்லும் கறுப்பு மெஹந்தியையும் தவிருங்கள். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனம் சிலருக்குக் கொப்புளம் போட்டுவிடும்.

மாஸ்க்கும் தொப்பியும் அழுத்தும் இடத்தில் பரு வருபவர்கள், ஷிஃப்ட் முடிந்ததும் முகத்தை மென்மையான க்ளென்சரால் கழுவி, மாய்ஸ்சரைசர் போடுவதை மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தால் போதும். முடிந்தால் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நைட் ஷிஃப்ட்டை மாற்றிக் கேளுங்கள். எந்தக் கன்சீலரையும்விடத் தூக்கம் நன்றாக வேலை செய்யும்.

"ஒரு நாள் தானே, விட்டுக்கொடுத்தா என்ன?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான பக்கமும் அதில் இருக்கிறது. வருஷம் முழுக்க யூனிஃபார்மில் இருப்பவள் அந்த ஒரு நாள் தங்க நிற ஐஷேடோவோடு ஜொலிக்க ஆசைப்பட்டால், அதில் தப்பே இல்லை. கனமான மேக்கப் கேவலம், இயற்கைதான் உயர்வு என்று நான் சொல்லவில்லை. 'நேச்சுரல் லுக்' என்பதே இப்போது தனி பேக்கேஜ், தனி விலை. அதையும் ஒரு கட்டாயமாக ஆக்கினால் பழையபடி அதே கதைதான். 2017-ல் வங்கதேசத்தைச் சேர்ந்த தஸ்னிம் ஜாரா, மேக்கப்பே இல்லாமல் பாட்டியின் பருத்திப் புடவையில் மணமேடை ஏறி, அந்தப் படத்தை வெளியிட்டார். அது அவர் முடிவு. ஜொலிப்பது உங்கள் முடிவு. யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த 'ஒரு நாள்' ஒரு நாளோடு போவதுமில்லை. போட்டோ ஐம்பது வருஷம் சுவரில் இருக்கும். "உன் நிறம் மேடைக்கு ஆகாது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லாமல் சொன்னதும் மனசில் அதே அளவு இருக்கும்.

பணத்தையும் மறக்க வேண்டாம். சிலருக்கு இந்த மேக்கப் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும். அந்தச் சம்பளமும் கல்யாணத்துக்குப் பிறகு நிச்சயமில்லை என்ற பயம் இந்த ஏரியாவில் உண்டு. ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் ஆகியவற்றோடு, மணமான பெண்கள் அணியும் நகையும் காரணமாகச் சொல்லப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது. நிறுவனம் இதை மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. மெட்டி போட்டதும் வேலை என்ன ஆகுமோ என்று யோசிக்கும் பெண், கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் கேட்ட ஒரே விஷயத்தையாவது கேட்டபடி செய்துகொடுக்கலாமே!

என்ன செய்யலாம்?

விடியற்காலை மூன்று மணிக்கு யாராலும் வாதாட முடியாது. அதனால் முன்கூட்டியே எழுத்தில் முடித்துவிடுங்கள். புக் செய்யும்போதே ஆர்ட்டிஸ்டுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்:

*"அக்கா, என் கழுத்து, கை கலருக்கே ஃபவுண்டேஷன் வேணும். ஒரு ஷேடுகூட ஏத்த வேண்டாம். மச்சத்தை மறைக்க வேண்டாம். கண்மை இருக்கணும், ஒட்டு இமை வேண்டாம். அன்னிக்கு யார் சொன்னாலும் என்கிட்ட கேக்காம மாத்தாதீங்க. ஃபில்டர் போடாத என் போட்டோ அனுப்பியிருக்கேன், இதே மாதிரி தெரியணும்."*

இதே மாதிரி போட்டோகிராபருக்கும் ஒன்று: ஆல்பத்தில் முகத்தை வெளுப்பாக்கி எடிட் செய்ய வேண்டாம். இதைச் சொல்ல மறந்தால், மேக்கப்பில் காப்பாற்றியது கம்ப்யூட்டரில் போய்விடும்.

மேக்கப் ரூமுக்குள் உங்கள் பக்கம் பேசும் ஒரே ஒருவர் இருக்கட்டும். அக்காவோ, ஹாஸ்டல் தோழியோ. "பெரியம்மா, அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்" என்று தன்மையாகச் சொல்லி வெளியே அழைத்துப் போகத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

ஆர்ட்டிஸ்டுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் சொந்தக் காலில் நிற்கும் பெண்கள்தான். காசு கொடுப்பவர் ஒருவர், ஆர்டர் போடுபவர் இன்னொருவர் என்றால் உங்களுக்கும் சங்கடம்தான். ஆனால் முகம் யாருடையதோ அவரிடம் கேளுங்கள். அவர் "ஏத்துங்க" என்றால் ஏற்றுங்கள், "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள்.

பெரியம்மா, அத்தை, சித்திகளே, உங்கள் பாசத்தில் சந்தேகமில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அந்த ரூமுக்குள் போகும்போது "ப்ரைட்டா போடுங்க" என்பதற்குப் பதிலாக, "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று பொண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.